மெர்ல் வெறுமனே ஓட்டும் வாஷிங் மெஷின்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டெலிவரிச் சீட்டின் பின்பக்கத்தில் கிடைத்தது. 'கிடைத்தது' என்பது பூசி மெழுகும் சொல். திருடினேன் என்று எழுதுவதுதான் நியாயம். இன்று மத்தியானம், எண்பத்து நான்கு வயது மெர்ல் டிரெவோரோ தன் வீட்டுப் பின்கட்டில், கையில் தண்ணீர் வாளியோடு நின்று, மகள் ஜனைனைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள். பக்கத்தில் நின்ற நான், மாடல் எண்ணைச் சரிபார்க்கிறவனைப் போலக் குனிந்து, அந்த வாக்கியத்தைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். வாளியை வாங்கிக் கீழே வைத்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை.

நான் சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லில், வீட்டுச் சாமான் கடையொன்றில், பதினான்கு வருஷமாக வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிறவன். எழுதுவதெல்லாம் கடை சாத்திய பிறகுதான். இதுவரை எழுதிய கதைகளில் ஒரு வாஷிங் மெஷின்கூட வந்ததில்லை. வயிற்றுப் பிழைப்பைக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஏதோ ஒரு வீம்பு.

இப்போது கொண்டுவந்திருப்பதற்குக் காரணம், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு மெர்லின் வீட்டுக்கு ஒரு பெண் படிவத்தோடு வரப்போகிறாள். வயதானவர்கள் தனியாக இருக்க முடியுமா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. தானே சமைக்கிறாரா, குளிக்கிறாரா, துணி துவைத்துக்கொள்கிறாரா. அவள் எழுதுவதைப் பொறுத்து மெர்ல் தன் வீட்டிலேயே இருப்பாள், அல்லது அடிலெய்டில் முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்குப் போவாள். இன்று திங்கள் சாயங்காலம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"ஊரின் மேல் செம்புழுதி இறங்கிக்கொண்டிருந்தபோது ஜனைனின் கார் ஆர்ஜென்ட் தெருவில்"

இல்லை. இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் புழுதியில்தான் தொடங்குகிறார்கள். ஜனைன் கடைக்கு வந்த சனிக்கிழமை புழுதி இல்லை, வெயில் இதமாக இருந்தது. இல்லாத புழுதியைக் கிளப்பி நான் என்ன செய்யப் போகிறேன்?

தொடக்கம், இரண்டாவது:

"பழைய மெஷினுக்கு முப்பத்தொரு வயது. மெர்ல் ஓட்டிய மெஷின்களில் அது இரண்டாவது. முதலாவதை வாங்கியபோது அவள் கணவன் கீத் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து"

இந்த வாக்கியத்தை முடித்தால் இப்போதே எல்லாம் தெரிந்துபோகும். தள்ளிப்போடுகிறேன். தள்ளிப்போடுவதுதான் இந்தக் கதையில் என் குற்றம் என்பதை நீங்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

தொடக்கம், மூன்றாவது. இதை வைத்துக்கொள்கிறேன். ஜனைனின் பக்கத்தில் நின்று சொல்லப் போகிறேன். என் பக்கத்தில் நின்று சொன்னால் நான் எனக்கே வக்காலத்து வாங்குவேன். ஆகவே இதில் நான் 'கடைக்காரன்'.

3

ஜனைன் கடைக்குள் நுழைந்தபோது அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அடிலெய்டிலிருந்து ஐந்தரை மணி நேரம் காரோட்டி வருவது விளையாட்டல்ல. அதுவும் மாதத்துக்கு இரண்டு தடவை. ஜூலையில் அம்மா துணி உலர்த்தும் கொடியின் அடியில் விழுந்து, யாரும் பார்க்காமல் இரண்டு மணி நேரம் கிடந்ததிலிருந்து இப்படித்தான்.

"எங்கம்மாவுக்கு ஒரு மெஷின் வேணும். ரொம்ப சுலபமா இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

"சுலபம்னா எப்படி?" என்றான் கடைக்காரன்.

"எனக்குப் புரியலன்னாலும் பரவால்ல. அவங்களுக்குப் புரியணும்."

கடைக்காரன் முதலில் காட்டியது கறுப்புக் கண்ணாடி முகப்பு வைத்தது. பொத்தானே கிடையாது; தொட்டால் விளக்குகள் எரிந்தன. மேகம், இறகு, சட்டை, நட்சத்திரம் என்று வரிசையாகப் படங்கள்.

"இத வெச்சு துணி துவைக்கணுமா, ஜோசியம் பாக்கணுமா?"

அடுத்தது முன்பக்கம் கதவு உள்ளது. ஜனைன் அதன் முன் முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எழுந்திருக்க மெஷினையே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "எனக்கே இப்படி" என்று சொல்லி அதை விட்டுவிட்டாள்.

மூன்றாவது, மேலே மூடி உள்ள பழைய பாணி. திருகு குமிழ்கள் நான்கு. அதில் ஒன்று, தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று நாமே திருகி வைப்பதற்கு: கொஞ்சம், பாதி, நிறைய.

"இதுல நாலு இருக்கே" என்றாள் ஜனைன்.

நான்காவதில் பெரிதாக ஒரே பொத்தான். துணியைப் போட்டு மூடி அமுக்கினால் போதும். எடையைத் தானே பார்த்து, தண்ணீரைத் தானே எடுத்து, முடிந்ததும் பாட்டுப் பாடும். கடைக்காரன் அதை அமுக்கிக் காட்டியபோது ஜனைனின் முகம் தெளிந்தது. பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து, "இந்தப் பொத்தான் மேல ஒரு பொட்டு வெச்சுடுவேன், தடவிப் பாத்தாலே தெரியும்ல?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். கடையில் வேறு யாரும் இல்லை; இருந்தும் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். அம்மா வெறும் மெஷின ஓட்டுறாங்க."

"வெறும்னா?"

"துணியெல்லாம் எடுத்துக் கொடியில போட்டுட்டு வந்து, மறுபடி மூடி, தண்ணி முட்ட ரொப்பி ஓட்டுறாங்க. உள்ள ஒண்ணும் இல்ல. ஒரு கைக்குட்டகூட இல்ல. நான் வரும்போதெல்லாம் பாக்குறேன். ஏம்மான்னு கேட்டா, ஓடட்டும் விடுங்கறாங்க." அவள் நகப்பூச்சு மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "மறந்துடுறாங்கன்னு நெனக்கிறேன். துவைச்சாச்சுங்கறதே மறந்துபோகுது போல."

கடைக்காரன் ஒரு நொடி பேசாமல் இருந்தான். பிறகு மெஷினின் மூடியைத் தட்டிச் சொன்னான்:

"இதுல அந்தப் பிரச்சனையே வராது மேடம். உள்ள ஒண்ணும் இல்லன்னா இது தண்ணியே எடுக்காது."

ஜனைனுக்குக் கடைக்காரனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

[கடைக்காரன் பேசாமல் இருந்த அந்த ஒரு நொடியை மூன்று தடவை அடித்துவிட்டு மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.]

4

ஜனைனைப் பற்றிக் கொஞ்சம்.

முதல் வரைவில் அவளைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். வீட்டை விற்கத் துடிக்கிறவள், தாயைக் கழித்துக்கட்டப் பார்க்கிறவள். எழுதச் சுலபமாக இருந்தது. மளமளவென்று இரண்டு பக்கம் போயிற்று. அப்புறம் படித்துப் பார்த்தேன். அவள் சனிக்கிழமை கடையை விட்டுப் போகும்போது உறையைப் பிய்த்துப் பார்த்த கையேட்டின் எழுத்து பொடியாக இருந்ததால், "பெரிய எழுத்துல இருக்கா?" என்று திரும்பி வந்து கேட்டாள். இல்லை என்றதும், தானே பெரிதாக எழுதித் தருவதற்கு எங்கள் கடையிலேயே நின்று நான்கு அட்டைகளில் எழுதினாள். மூடு. அமுக்கு. காத்திரு. எடு. கழித்துக்கட்ட நினைக்கிறவள் நான்கு அட்டை எழுதமாட்டாள். பயந்தவள்தான் எழுதுவாள். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

சுலபம் என்றால் என்ன என்று எனக்கே ஒரு கட்டுரை எழுத ஆசை. பதினான்கு வருஷமாக இந்த ஒரு சொல்லைத்தான் விற்கிறேன். பிள்ளைகள் வந்து பெற்றவர்களுக்காகக் கேட்கும்போது, சுலபம் என்பது பொத்தான்களின் எண்ணிக்கை. ஒன்று என்றால் சுலபம், நான்கு என்றால் கஷ்டம். வயதானவர்கள் தாங்களே வந்தால் அப்படிக் கேட்பதில்லை. "பழசு மாதிரி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கைக்குத் தெரிந்தது அவர்களுக்குச் சுலபம். முப்பத்தொரு வருஷம் ஒரு குமிழை அமுக்கி, திருகி, இழுத்த கை, கண் மூடிக்கொண்டும் அதைச் செய்யும். அந்தக் கையிலிருந்து நான்கு குமிழைப் பிடுங்கிவிட்டு ஒரே பொத்தானைக் கொடுத்தால், அதற்குப் போக்கிடம் தெரியாது.

இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நான்காவதைத்தான் விற்றேன். ஏனென்றால் பணம் கொடுத்தவள் ஜனைன்.*

* இது முழுக் காரணமில்லை. ஆறாவது பகுதிக்கு வாருங்கள்.

5

திங்கள்கிழமை. இன்று.

பழைய மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றியவன் ரஸ். அறுபத்திரண்டு வயது, இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் இருந்துவிட்டு, முழங்கால் போனதும் எங்கள் கடை வண்டிக்கு வந்தவன். முழங்கால் போனவனுக்குச் சாமான் தூக்குகிற வேலை எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், "மேல ஏறுறதுதான் வலிக்கும், இங்க எல்லாம் தரைமட்டம்" என்பான்.

"பாத்துத் தூக்கு. அது உன்னவிட நல்லா உழைச்சிருக்கு" என்றாள் மெர்ல். பிறகு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ டல்சி பையன்தானே?"

"ஆமா, ஆன்ட்டி."

"உங்கம்மா என்கூட பௌல்ஸ் ஆடுவா. தோத்துட்டா ஒரு வாரம் பேசமாட்டா."

"எங்கிட்ட ஜெயிச்சாலும் பேசமாட்டாங்க."

மெர்ல் சிரித்தாள். மறதிக்காரி என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் நான் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் டீ போடும்போது என்னிடம் சர்க்கரை எத்தனை என்று கேட்டாள். இரண்டு என்றேன். கெட்டில் கொதிப்பதற்குள் மறுபடி கேட்டாள். கோப்பையை நீட்டும்போது மூன்றாவது தடவை கேட்டாள். ஜனைன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். இதை எழுதாமல் விட்டுவிட முடியும். விட்டால் மெர்ல் ஜெயிப்பாள், நான் பொய்யனாவேன்.

ரஸ் இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிரிட்ஜை இறக்கப் போனான். புது மெஷினை ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டுப் போவது எங்கள் கடை வழக்கம், ஆகவே நான் இருந்தேன். மெர்ல் தோட்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் கால்சராயையும் கீத்தின் பழைய சட்டை ஒன்றையும் உள்ளே போட்டாள். சிவப்புப் பொட்டைத் தடவி அமுக்கினாள். மெஷின் ஓடியது. துருவிய சீஸும் கேரட்டும் கலந்த சீஸ் ஸ்லா வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு மூவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் அது பாடியது.

"யாரு போன் அடிக்குது?" என்றாள் மெர்ல்.

ஜனைன் சிரித்தேவிட்டாள். பாரம் இறங்கிய சிரிப்பு. துணியை எடுத்துக் கொடியில் போட்டார்கள். "இப்ப என் துணிய போடட்டுமாம்மா? வழியெல்லாம் வேர்வ."

"இரு. இன்னும் இல்ல."

மெர்ல் மூடியை மூடினாள். அமுக்கினாள்.

மெஷின் ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் திரும்பிப் பார்த்தது. ஒரு குவளைத் தண்ணீர் விழும் சத்தம். அதையும் வெளியே துப்பிவிட்டு நின்றது. மெர்ல் குனிந்து மூடிக் கண்ணாடிக்குள் பார்த்தாள்.

"தண்ணி எங்க?"

"உள்ள துணி இல்லம்மா. அது அதுக்குத் தெரியும். அதான் எடுக்கல."

"அதுக்கு என்ன தெரியும்? இப்பத்தான வந்துச்சு."

மறுபடி அமுக்கினாள். மறுபடி ஒரு குவளை. மூன்றாம் தடவை அமுக்கியபோது விரலை எடுக்கவேயில்லை. பிறகு போய், சிமெண்ட் தொட்டியடியில் இருந்த வாளியை எடுத்து, குழாயைத் திறந்து நிரப்பினாள். நிறைந்த வாளியை எண்பத்து நான்கு வயதுக் கைகளால் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடி பூட்டிக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீர் மூடி மேல் விழுந்து தரையெல்லாம் ஓடியது.

"அம்மா! உள்ள ஒண்ணுமே இல்லம்மா!"

"ஒண்ணும் இல்லன்னுதான்டி ஓட்டுறேன்!"

ஜனைன் வாளியைப் பிடித்தாள். மெர்ல் விடவில்லை. இருவருமாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"புதன்கிழம அந்தப் பொண்ணு வரும்போது இப்படிப் பண்ணாதம்மா. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

"எப்படிப் பண்ணாத?"

ஜனைன் அழுதாள். நான் சீட்டைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன்.

6

எனக்குத் தெரியும்.

சனிக்கிழமையே தெரியும். கடைக்காரன் பேசாமல் இருந்த அந்த நொடியில் முழுக்கத் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வீட்டில் மெஷின் இறக்கும்போது, ஒரு கிழவி இதே போல வெறும் மெஷினை ஓட்டினாள். நான் சிரித்தேன். ரஸ் சிரிக்கவில்லை. வண்டியில் வரும்போது சொன்னான்:

"சுரங்கத்துத் துணியில ஈயத்தூசி ஒட்டியிருக்கும்யா. அதப் புள்ளைங்க துணியோட சேத்துப் போடமாட்டாங்க. தனியாத்தான் துவைப்பாங்க. அப்பவும் மெஷின் தொட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கும்ல? அதனால நடுவுல ஒரு தடவ, முட்டத் தண்ணி விட்டு, வெறுமனே ஓட்டிக் கொட்டிடுவாங்க. அப்புறந்தான் புள்ளைங்க துணி. எங்கம்மா ரெண்டு தடவ ஓட்டுவா. அவ சுரங்கத்தயே நம்பல, மெஷின எங்க நம்பப்போறா!"

"உங்ககிட்ட சொல்லுவாங்களா, எதுக்குன்னு?"

"புள்ளைங்ககிட்ட எவ சொல்லுவா? பயந்துடும்ல. நாங்க பள்ளிக்கூடம் போன பெறகு நடக்கும். எனக்கே, நான் வேலைக்குப் போயி என் துணிய நானே கொண்டாந்தப்பதான் தெரியும்."

ஆகவே ஜனைனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போனவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மடித்து வைத்த சுத்தமான பள்ளிச் சீருடை.

பின் நான் ஏன் சொல்லவில்லை? சனிக்கிழமை சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நான்காவது மெஷின் விற்காது. மூன்றாவதைத்தான் விற்க வேண்டியிருக்கும். நிறையத் தண்ணீர் என்று திருகி வைக்கும் குமிழ் அதில்தான் இருக்கிறது. மூன்றாவதை மறுபடி விளக்க வேண்டும், மணி பன்னிரண்டாகப் போகிறது, சனிக்கிழமை பன்னிரண்டுக்குக் கடை அடைப்பு. இவ்வளவு அற்பமான காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதலாமா என்று உட்கார்ந்து யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று மத்தியானம் சொல்லாததற்குக் காரணம் இன்னும் மோசம். வாக்கியம் நன்றாக இருந்தது. ஒண்ணும் இல்லன்னுதான்டி ஓட்டுறேன். இப்படி ஒரு வரி எழுத்தாளனுக்கு வருஷத்தில் ஒன்று கிடைத்தால் அதிகம். அங்கேயே வாயைத் திறந்து விளக்கம் சொல்லியிருந்தால் கதை அந்தப் பின்கட்டிலேயே முடிந்துபோயிருக்கும். நான் கதையைக் காப்பாற்றினேன். கேவலமாக இருக்கிறது.

7

செவ்வாய். கடையில் கூட்டம் இல்லை, ஆகவே நாளெல்லாம் முடிவு எழுதினேன்.

முடிவு (அ): கடைக்காரன் வாயைத் திறக்கிறான். ஜனைன் வாளியை விடுகிறாள். "அப்பாவோட துணிக்கா?" என்று கேட்கிறாள். மெர்ல் தலையாட்டுகிறாள். தாயும் மகளும் ஈரத்தரையில்

நிறுத்தினேன். பாகு ஒழுகுகிறது. அதோடு ஒரு சங்கடம். கீத் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கு அந்த வீட்டில் சுரங்கத்துத் துணி ஏது? வழக்கம் என்று சொல்லி மெர்லைக் காப்பாற்றினால், யாருக்காக இந்த வழக்கம் என்று படிவக்காரி அடுத்த கேள்வியைக் கேட்பாள். கீத் நான்கு மணிக்கு வேலை முடிந்து வருவான் என்று மெர்ல் சொல்லிவிட்டால்?

முடிவு (ஆ): அடிலெய்டில் ஓர் அறை. துணியைப் பையில் போட்டு வாசலில் வைத்தால், எடுத்துப் போய்த் துவைத்து, மடித்து, பெயர் தைத்த பட்டையைப் பார்த்து அவரவர் அறையில் வைத்துவிடுவார்கள். எல்லாம் சுலபம். மெர்ல் சட்டைக் காலரைத் திருப்பித் தன் பெயரைப் படிக்கிறாள். மறுபடி படிக்கிறாள்.

இதை எழுதி முடித்ததும் எழுந்து போய், காட்சிக்கு வைத்திருந்த ஃபிரிட்ஜ்களின் கதவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். இன்னும் நடக்காததை நடந்ததாக எழுதி வைக்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது?

முடிவு (இ): பக்கத்து வீட்டில் டானியெல் என்று ஒரு பெண். சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள், மெஷின் பழுதாகி அவள் வேலைத் துணியை மெர்ல்தான் துவைத்துக் கொடுக்கிறாள். ஆகவே வெறும் மெஷின், ஆகவே மெர்லுக்குப் புத்தி தெளிவு, ஆகவே படிவத்தில் எல்லாம் சரி. டானியெலுக்கு நல்ல வாய்த்துடுக்கு வேறு கொடுத்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒரே குறை, மெர்லின் பக்கத்து வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. டானியெல், மன்னித்துக்கொள்.

8

புதன். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தோம். நான் கண் சிவந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரஸ், "என்ன எழுத்தாளரே, யாரக் கொன்னீரு?" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைக் காட்டினேன்.

அவன் படிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "அந்தம்மா மககிட்ட சொன்னியா?"

"இல்ல."

"திங்கக்கெழமையிலிருந்து என்ன பண்ணிட்டிருந்த?"

"எழுதிக்கிட்டிருந்தேன்."

"அங்க ஒரு அம்மா வீட்ட விட்டுப் போகப்போகுது. நீ அதுக்கு மூணு முடிவு எழுதிக்கிட்டிருக்க! வெக்கமா இல்ல?"

இருந்தது. ஆனாலும் என் சந்தேகத்தை விட முடியவில்லை. கீத் இல்லை, சுரங்கத்துத் துணி இல்லை, பிள்ளைகள் இல்லை. பிறகு எதற்கு ஓட்டுகிறாள், மறதிதானே என்றேன்.

"மொதல்ல என்ன துணி போட்டாங்க?"

"தோட்டத்துத் துணி."

"இந்த ஊரு மண்ணுல ஈயம் இல்லாத எடம் எது? தோட்டத்துத் துணியும் சுரங்கத்துத் துணியும் ஒண்ணுதான்யா. சரி, வெறுமனே ஓட்டுறத மக எப்பப் பாத்துச்சாம்?"

"அவங்க ஊருக்கு வரும்போதெல்லாம்."

"வரும்போதெல்லாம்" என்றான் ரஸ். பிறகு தலையைச் சொறிந்துகொண்டான். "வராதப்ப ஓட்டுறாங்களான்னு யாருக்குத் தெரியும்? அடுத்தது யாரு துணி உள்ள போக இருந்துச்சு?"

நான் எழுதிய தாள்களைப் பின்னால் புரட்டினேன். இப்ப என் துணிய போடட்டுமாம்மா. இரு, இன்னும் இல்ல. நானே கேட்டு, நானே எழுதியிருக்கிறேன், மூன்று பக்கத்துக்கு முன்னால். ஐம்பத்தெட்டு வயதுப் பிள்ளையின் துணி.

ரஸ் அதற்குள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டான். நான்கு குமிழ் உள்ள மூன்றாவது மெஷினை, முதலாளியைக் கேட்காமலே, வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். முழங்கால் வலியில் முனகுகிறான். போய்க் கை கொடுக்க வேண்டும்.

ஒன்பது முப்பத்தைந்து. மெர்ல் வீட்டுக்கு ஏழு நிமிஷம்.

ரஸ் நினைப்பது சரியாக இருக்கலாம். தப்பாகவும் இருக்கலாம், மெர்ல் கீத்துக்காகவே ஓட்டிக்கொண்டிருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம், சர்க்கரையை மூன்று தடவை கேட்டது மூன்று தடவைதான். யார் துணிக்காக ஓட்டுகிறீர்கள் என்று அவளிடம் நான் கேட்கப் போவதில்லை. அந்தப் பதிலில்தான் அவள் வீடு தொங்குகிறது என்றால், படிவத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வர வேண்டாம். ஜனைனை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு, இந்த ஊர் அம்மாக்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லுவேன். நீ பள்ளிக்கூடம் போன பிறகு செய்வார்கள் என்றும் சொல்லுவேன். தெரிந்துகொண்டே இரண்டு தடவை சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் என்னை அறைந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பிறகு அவள் உள்ளே போய் அம்மாவிடம் எதைக் கேட்பாள், மெர்ல் என்ன சொல்லுவாள், படிவத்தில் என்ன விழும் என்பதை நான் எழுதுவதாக இல்லை.

முடிவு இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வராதென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வரைவு மேலே கிடக்கிறது, கிழித்துப் போட்டும் எழுதலாம். எனக்கு நேரமில்லை. மெஷினை மாற்றப் போகிறேன்.